நாலாம் காம்பராவுக்கு ஒரு பாய்

நிவாரண வேலையில் மழையைச் சமாளிக்கலாம், மலையைக்கூடச் சமாளிக்கலாம். நாம் காப்பாற்றப் போகிற ஆட்களைத்தான் சமாளிக்க முடியாது. முகாம் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெண்கட்டிக் கோடு

ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்துக்குப் பின்னால், மழையில் மலை வெடிப்பு விட்டுவிட்டது. சனத்தைப் பாடசாலை மண்டபத்துக்கு இறக்கினோம். பிள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம், வயதானவர்கள் அந்தப் பக்கம் என்று வெண்கட்டியால் கோடு போட்டேன். காலையில் பார்த்தால் கோட்டை ஒருவரும் மதிக்கவில்லை. லயத்தில் காம்பரா என்கிற அறைகள் எந்த வரிசையோ, அதே வரிசையில் பாய்கள்.

நடுவில் ஓரிடம் காலி. நாலாம் காம்பரா பெருமாள் மட்டும் இறங்கி வரவில்லை. அந்த இடத்தில் வேறு ஆட்களைப் போடப் போனேன். அஞ்சாம் காம்பரா லெட்சுமி மறித்தாள். பெருமாளின் மாடு தன் போஞ்சிக் கொடியைத் தின்கிறதென்று அவரோடு தினம் மல்லுக்கு நிற்பவள்.

"அது அந்தாளு எடம் ஐயா. வரட்டும். சண்டை போட எனக்கும் ஆள் வேணும்ல?"

அழைப்பு

நானே மேலே ஏறினேன். லயத்துக்குப் பின்னால் வெடிப்பில் என் கை முழங்கை வரை போனது. "இது இப்பவோ அப்பவோ வந்துரும், இறங்கு" என்று கத்தினேன். பெருமாள் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். மாட்டுக்கும் இடம் உண்டா என்றார். பள்ளிக்கூடத்தில் மாடா என்றேன்.

"அப்ப நீங்க போங்க ஐயா. நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கோம்."

லொறி வந்தது

திரும்பி வந்தால், கொழும்பிலிருந்து நிவாரண லொறி. அரிசி, பருப்பு, டின் மீன், கம்பளி. கடைசியாகப் பெட்டி பெட்டியாகத் தேயிலை! தேயிலை மலைக்குத் தேயிலை. நல்ல மனதோடு அனுப்பியிருக்கிறார்கள், என்ன சொல்வது? லெட்சுமி ஒரு தேயிலைப் பக்கெட்டை மோந்து பார்த்தாள்.

"நாங்க கிள்ளுன கொழுந்து கொழும்பெல்லாம் சுத்திப் பாத்துட்டு வந்திருச்சு. நாங்கதான் எங்கயும் போகல."

களவு

அந்தத் தேயிலையில் போட்ட பிளேன்டியைக் குடித்தவள், பெருமாள் மாட்டை விட்டு வரமாட்டாராம் என்று நான் சொன்னதும், கப்பை வைத்துவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் சத்தம். முன்னால் லெட்சுமி, கையில் மாட்டுக் கயிறு. பின்னால் பெருமாள், மழையில் தொப்பலாக, "களவாணி! களவாணி!" என்று கத்திக்கொண்டு.

மாடு கேட்டைத் தாண்டியதும் மேலே மலை உறுமியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். லயத்தின் கூரைத் தகரம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

பெருமாள் மாட்டை வலைப்பந்துக் கம்பத்தில் கட்டினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர் தன் இடத்தைப் பார்த்தார். பாதியில் லெட்சுமியின் அரிசி மூட்டை.

"எவ அவ, என் காம்பராவுல மூட்டைய வச்சவ?"

இப்போதெல்லாம் முகாம் நடத்த யார் கூப்பிட்டாலும், மாடு கட்ட இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன்.