தங்கராசா அண்ணன் போட்ட சிவப்புக் கோடு

செய்தியைச் சொன்னவர் எங்கள் சங்கத் தலைவர். "செயலாளர், தங்கராசா அண்ணன் போயிட்டார். காலமை நெஞ்சு நோகுது எண்டவராம். ஆசுப்பத்திரி வாசலிலயே முடிஞ்சுது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வசனமும் வந்தது: "எங்கட உழவு மெசினிலதான் அவரைக் கொண்டுபோறது. பக்கெற்றுக்குப் புதுப் பெயின்ற் அடிக்கச் சொல்லிட்டன்." எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது அடங்கவில்லை. ஆகையால் அண்ணனைத் தெரிந்தவர்கள் இந்த அஞ்சலியில் இனிப்பான வார்த்தைகளை எதிர்பார்க்க வேண்டாம்.

கிளிவெட்டிப் பக்கத்தில் அவரைத் தெரியாதவர் குறைவு. திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்று, ஊருக்கு வந்து வயல் செய்தவர். எங்கள் கமக்காரர் சங்கத்தின் பொருளாளர். தங்கமான மனிதர் என்று மட்டும் எழுதினால் அவரே எழுந்துவந்து என்னோடு சண்டை பிடிப்பார். பொல்லாத வாய்க்காரர். எந்தக் கதையையும் "நான் துறைமுகத்தில நிக்கேக்க" என்றுதான் தொடங்குவார். தேநீர்க் கடையில் அவர் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டதுமே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். மிஞ்சியவர்களின் வடையை அவர் கேட்காமலே எடுத்துத் தின்பார்.

சங்கத்துக்கு ஓர் உழவு இயந்திரம் உண்டு. அதன் முன்னால் பூட்டிய பக்கெற் என்ற இரும்புத் தொட்டியால்தான் நெல் அள்ளுவோம், வைக்கோல் அள்ளுவோம், மாரியில் வாய்க்கால் கட்டு உடைந்தால் களிமண் அள்ளி அடைப்போம். பழைய பக்கெற்றின் அடித்தகடு தேய்ந்துபோனதும் புதிது வாங்குவதென்று முடிவாயிற்று. பக்கத்து ஊர்ச் சங்கம் பெரியதொன்று வாங்கியிருந்தது. நம்முடையது அதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறெந்த நியாயமும் அன்றைய கூட்டத்தில் பேசப்படவில்லை.

அண்ணன் எழுந்தார். "நெல்லுக்கும் வைக்கலுக்கும் பெரிசு நல்லது. ஈரக் களிக்கு ஏலாது. உந்தச் சின்ன மெசின் முன்னுக்குக் குத்திப் பின் சில்லு எழும்பும். நான் துறைமுகத்தில நிக்கேக்க..." அவ்வளவுதான். சபை சிரித்தது. "அண்ணை, இது கப்பல் இல்லை, வயல்" என்றார் தலைவர். அவரை வாய்மூட வைக்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை ஒருவரும் விடவில்லை. பெரிய பக்கெற்றுக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. உயராதவை அவருடைய கையும் என்னுடைய கையும்தான். ஒரு மனிதரின் கதை அலுத்துவிட்டது என்பதற்காக ஓர் இயந்திரத்தின் தலையில் பாரத்தை ஏற்றிய சபை அது.

அதைவிடக் கேவலம் நகரத்துக் கடை முற்றத்தில் நடந்தது. பக்கெற்றைப் பூட்டிப் பார்த்தபோது, தாங்குமா என்று சோதிப்பதற்காக நிர்வாகக் குழுவே அதற்குள் ஏறி நின்றது. சாரதி ரஜீபன் தூக்கினான். தலைவர் மேலே நின்று கையசைத்தார். கடைக்காரர் படம் எடுத்தார். "பாத்தியளோ, ஆடேல்லை!" என்று கூச்சல். அண்ணன் ஏறவில்லை. கீழே நின்றபடி சொன்னார்: "இது நிறைய ஈரக் களி ஏத்தினா உங்களைப்போல மூண்டு கமிற்றியின்ர நிறை வரும். மனுசனுக்கு வாய் இருக்கு, இறக்கு எண்டு கத்துவான். மண் கத்தாது."

பக்கெற் ஊருக்கு வந்ததும் அவர் தன் கையாலேயே அதன் உட்புறத்தில் பாதி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். ஈர மண் அதற்கு மேலே ஏறக்கூடாது. ரஜீபனைக் கூப்பிட்டுக் காட்டி, அவன் தலையாட்டும்வரை விடவில்லை. ஆனால் தேங்காய் உடைத்துச் சந்தனப் பொட்டு வைக்கும் நாளில் கோட்டைக் காணவில்லை. "படத்தில அசிங்கமாக் கிடக்கும்" என்று தலைவர் நீலப் பெயின்றால் மூடியிருந்தார்.

அந்த மாரியில் வாய்க்கால் கட்டு உடைந்தது. வெள்ளம் வயலுக்குள் இறங்க, கரையில் நின்றவர்கள் எல்லோரும் "நிரப்பு, நிரப்பு" என்று கத்தினார்கள். ரஜீபன் பக்கெற் வழிய வழியக் களியை அள்ளி உயர்த்தினான். பின் சில்லுகள் நிலத்தைவிட்டு எழும்பின. "இறக்கடா! கீழ இறக்கு!" என்று அண்ணன் ஓடினார். அதற்குள் இயந்திரம் சரிந்தது. ரஜீபன் பாய்ந்து தப்பினான், மணிக்கட்டு முறிந்தது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன் அவன். அடுத்த கூட்டத்தில் பழியை அவன் தலையில் போட்டார்கள், கவனமில்லாத சாரதியாம். "கோட்டை அழிச்சவன் ஆர்? அதைக் கதையுங்கோ முதல்" என்று அண்ணன் மேசையில் அடித்தார். அதன் பின்பும் பல மாதம் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் "நான் சொன்னனானே" என்றார். மறுபடி கோட்டைப் போட்டார். அவர் இருந்தவரை அதில் கைவைக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அவர் இறந்ததும் வந்துவிட்டது. செத்த வீட்டு வாசலில் இயந்திரம் வெள்ளைக் கொடிகளோடு வந்து நின்றது. பக்கெற் பளபளத்தது. உள்ளே கோடு இல்லை. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "தூரநோக்குக் கொண்ட பெருமகன். அவர் காட்டிய வழியில் நடப்போம்" என்றார். எனக்குக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. பெட்டியைப் பக்கெற்றில் ஏற்ற ஆட்கள் நெருங்கினார்கள். அண்ணனின் மனைவி புஷ்பம் அக்கா முன்னால் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கையால் தடவினார். உள்ளங்கையில் நீலம் ஒட்டியது.

"அவற்ற கோடு எங்கை?" என்று கேட்டார். "உயிரோட இருக்கேக்க அவர் இதுக்குள்ள கால் வைக்கேல்லை. இப்ப ஏத்த ஏலாது. தோளில கொண்டுபோங்கோ."

தோளில்தான் கொண்டுபோனோம். ரஜீபனும் தோள் கொடுத்தான்.

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அக்காவிடம் அண்ணனின் பெயின்ற் ரின்னையும் தூரிகையையும் கேட்டு வாங்கினேன். காய்ந்து விறைத்த தூரிகையை மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். ரஜீபன் கொட்டகையைத் திறந்துவிட்டான். பழைய இடத்திலேயே கோட்டைப் போட்டேன். அண்ணனின் கை எனக்கு வராது, சற்றுக் கோணிப்போயிற்று. நடுவில் தலைவர் வந்தார். "என்ன செயலாளர், புதுப் பெயின்றைப் பழுதாக்கிறியள்?" என்றார். "ஓம்" என்றேன்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த ரின்னில் கிடக்கும் கொஞ்சச் சிவப்பும், அவருடைய பொல்லாத வாயில் ஒரு பங்கும். மாரி தொடங்கப்போகிறது. அந்தக் கோட்டை இனி யார் அழித்தாலும் இரண்டையும் எடுத்துக்கொண்டு வருவேன்.