சைக்கிள் கேப் அறுபது இஞ்ச்

என் அக்காவைப் பெயர் சொல்லி விசாரித்தால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. டேப்பக்கா என்று கேட்டால் கையைப் பிடித்து வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். தையல்காரி. அளவு டேப் கழுத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். யாராவது வந்தால் "வாங்க, உட்காருங்க" என்று அவள் வாய் சொல்லி முடிப்பதற்குள் கண் தோள், மார்பு, இடுப்பு என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கும். "டேய், போன மாசத்துக்கு இப்போ ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கே" என்று என் மனைவி எதிரிலேயே என் மானத்தை வாங்கியவள். அந்த இரண்டு இஞ்ச் உண்மைதான், அது வேறு விஷயம்.

தைத்த துணிகளை அவளே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பாள். பின்னால் ஒரு தகரப் பெட்டி, முன்னால் ஒரு மணி, நடுவில் அக்கா. வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் பாலத்துக்கு அந்தப்பக்கம். கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்தி வைத்துவிட்டு அவரவர் பாட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் ஒரு புண்ணியவான் பின்னால் பார்க்காமல் கார் கதவைத் திறந்தான். அக்கா ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். இடது மணிக்கட்டு உடைந்தது.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். கரண்டுக்கே பயப்படாத மனுஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் தேம்பித் தேம்பி அழுதார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சைக்கிளைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, சக்கரத்தில் சங்கிலி சுற்றிப் பூட்டினார். சாவி சட்டைப் பைக்குள் போனது.

"ஏங்க, கை தானா சேர்ந்துடும். சாவியைக் குடுங்க" என்றாள் அக்கா.

"அந்த ரோட்டுல உனக்குன்னு ஒரு இடம் இருக்குன்னு காட்டு. அன்னிக்குத் தரேன்" என்றார் மாமா.

அக்கா மூக்கு விடைத்தது. அந்த மூக்கு விடைத்தால் யாருக்கோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம். அந்த யாரோ எப்போதும் நான்தான்.

ஏனென்றால் நகராட்சி அலுவலகத்தில் சாலைப் பிரிவு எழுத்தர் நான். மனு என்று எது வந்தாலும் என் மேஜையில்தான் விழும். ஒரே வாரத்தில் கட்டுப்போட்ட கையோடு அக்கா சைக்கிள்காரர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டாள். வீடு வீடாகப் பேப்பர் போடும் பேப்பர்காரர், பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும் கணக்கு டீச்சர், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். மிதிப்போர் சங்கம் என்று பெயர். "யாரை மிதிக்கப் போறீங்க?" என்று கேட்டதற்கு, "மனுவை எடுத்து உள்ள வெக்காம இருந்து பாரு, தெரியும்" என்றாள். நான் வைத்தேன்.

இன்ஜினியர் சங்கத்தாரை உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். நாற்காலி நிறைய உட்கார்ந்திருப்பார். மனுவைப் புரட்டிவிட்டு, "தனி வழியாம்மா? அந்தத் தெருவுல ஒரு சைக்கிள் கேப் கூட இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "சைக்கிள் கேப்புன்னா எவ்வளவு சார்?"

"அது… பேச்சுக்குச் சொல்றதும்மா."

"நீங்க அப்படிச் சொல்லலாம் சார். அளவு இல்லாம நான் ஒரு துணியும் வெட்டினதில்லை."

"அப்ப நீங்களே அளந்து எழுதிக் குடுங்களேன்" என்று கும்பிடு போட்டார். தொல்லை விட்டது என்று நினைத்திருப்பார், பாவம்.

மறுநாள் மிதிப்போர் சங்கம் பள்ளிக்கூட மைதானத்தில் கூடியது. டீச்சரின் சைக்கிளில் டீச்சரையே ஏற்றி வைத்து அளந்தார்கள். ஹேண்டில் இருபத்து மூன்று இஞ்ச். முழங்கையோடு சேர்த்தால் இருபத்தெட்டு. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றி டீச்சரை ஓட்டச் சொன்னார்கள். ஈரத்தடம் பக்கத்துக்குப் பத்து இஞ்ச் நெளிந்தது. ஆக, நாற்பத்தெட்டு.

அக்கா அதோடு பன்னிரண்டைக் கூட்டி அறுபது என்று எழுதினாள்.

"அந்தப் பன்னிரண்டு எதுக்குக்கா?" என்று டீச்சர் கேட்டார். கணக்கு டீச்சராயிற்றே, விடுவாரா?

"இது ஆபீஸ் துணிம்மா. தண்ணி பட்டாலே சுருங்கும். சுருங்குறதுக்கும் சேர்த்து வெட்டணும்."

மனு நான்கு மேஜை தாண்டி, எல்லாக் கையெழுத்தும் வாங்கி, கடைசியில் உத்தரவு தட்டச்சுச் செய்ய என்னிடமே திரும்பி வந்தது. 'வழியின் அகலம்: 60' என்று இருந்தது. அவ்வளவுதான். தையல்காரர்கள் இஞ்ச் என்று எழுத மாட்டார்கள். அவர்களுக்கு உலகமே இஞ்ச்தான். எங்கள் அலுவலகத்தில் எல்லாம் சென்டிமீட்டர். நான் கைப்பழக்கத்தில் 'செ.மீ.' என்று அடித்துவிட்டேன். அதில் கையெழுத்தும் ஆகி, வேலையும் வந்துவிட்டது.

கார்களைப் பின்தெருவுக்கு அனுப்பும் பலகைகள் தெருவில் முளைத்தன. பெயிண்ட் அடிப்பதற்கு முந்தின நாள் ஆட்கள் சுண்ணாம்பில் குறி போட்டார்கள். அக்கா அங்கே போய் நின்று, ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"இருபத்து மூணரை இஞ்ச். எவன்டா அடிச்சது?"

நான் என் காலைப் பார்த்தேன். அக்கா என் காதைப் பிடித்தாள். எனக்கு நாற்பத்தொரு வயது.

"ஹேண்டில் போகும், நான் போக மாட்டேன். முழங்கை ரெண்டையும் கழட்டி வீட்டுல வெச்சுட்டா போறது? இதை உங்க மாமாகிட்டக் காட்டினா, சாவி அவர் பையிலயே துருப்பிடிச்சுப் போகும்டா!" என்றவள் சட்டென்று அழுதுவிட்டாள். கை உடைந்தபோது அழாதவள்.

"உத்தரவை மாத்தணும்னா மறுபடி முதல்லேர்ந்து வரணும்க்கா. ஒரு வருஷம் ஆயிடும்."

அக்கா மூக்கைத் துடைத்தாள். அப்புறம் அது விடைத்தது. "கோட்டை அப்படியே அடிக்கட்டும். காலையில ஈரம் காயறதுக்குள்ள உங்க இன்ஜினியரைத் திறந்துவைக்கக் கூப்பிடு. அவர்தான் முதல்ல ஓட்டணும்னு சொல்லு. பேப்பர்காரரும் வர்றார், போட்டோ எடுப்பார்னு சொல்லு."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான் அப்படியே சொன்னேன். இன்ஜினியர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

தெருவே கூடிவிட்டது. மாமாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஓரமாக நின்றார், கை சட்டைப் பையின் மேல். அதற்குள் எவனோ பலகையை மதிக்காமல் வெள்ளைக் கோட்டை ஒட்டி ஒரு காரை நிறுத்தியிருந்தான். இன்ஜினியர் டீச்சரின் சைக்கிளில் ஏறினார். சைக்கிள் ஒரு முறை முனகியது. பேப்பர்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். இன்ஜினியர் போனைப் பார்த்துச் சிரித்தபடியே மிதித்தார்.

பத்தடிகூடப் போகவில்லை. முழங்கை கார்க் கண்ணாடியில் டமால் என்று இடித்தது. சைக்கிள் இந்தப்பக்கம் வளைந்து ஈரப் பெயிண்டில் ஏறியது, அந்தப்பக்கம் வளைந்து அந்தக் கோட்டிலும் ஏறியது. ரோடெல்லாம் வெள்ளைச் சக்கரத்தடம் நெளிந்து நெளிந்து போனது. கடைசியில் ஒரு காலைப் பெயிண்டில் ஊன்றி நின்றார். ஷூ வெள்ளை, முகம் சிவப்பு.

அக்கா ஓடிப்போய்த் தாங்கிப் பிடிப்பாள் என்று நினைத்தேன். குனிந்து டேப்பை விரித்துத் தடத்தை அளந்தாள்.

"நெளிஞ்சது இருபத்தெட்டு. உங்க முழங்கை முப்பத்து ரெண்டு சார். ஆகமொத்தம் சைக்கிள் கேப் அறுபது இஞ்ச். நாங்க மனுவுல எழுதினதும் அதேதான்."

சரியாக அறுபது எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. டேப்பின் நுனி அவள் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.

"அறுபதுன்னு தானே போட்டோம்? எவன் டைப் பண்ணினான்?" என்று இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். என் உயிர் என்னிடம் இல்லை.

"இஞ்ச்னு எழுதாம விட்டது நான்தான் சார்" என்றாள் அக்கா. அவள் என் அக்கா என்பதில் அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இன்ஜினியருக்கு அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. "தம்பி, நீங்க எந்தப் பேப்பர்?"

"எல்லாப் பேப்பரும்தான் சார்" என்றார் பேப்பர்காரர் பணிவாக. "காலையில அஞ்சு மணிக்கே போட்டுடுவேன்."

திருத்திய உத்தரவில் அன்று மதியமே கையெழுத்தானது. இம்முறை 'இஞ்ச்' என்று எழுத்தில் அடித்து, கீழே கோடும் போட்டேன். அடுத்த வாரம் புதுக்கோடு விழுந்தது, அறுபது இஞ்ச், ஒரு நூல் குறையாமல்.

பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு மாமா சங்கிலி போட்ட சைக்கிளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அந்த வழியில் நிறுத்தினார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், அக்காவின் முழங்கையைப் பார்த்தார். அப்புறம் பைக்குள் கை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். கண் கலங்கியிருந்தது. "நாலு மாசம் உன்னைக் கட்டிப்போட்டுட்டேன் இல்ல?" என்றார்.

"கட்டிப்போட்டீங்களா?" என்று அக்கா சிரித்தாள். "தினமும் சாயங்காலம் சட்டையைக் கழட்டிப் போடறீங்க. அதைத் துவைக்கப் போடறது யாரு? சாவியை எடுத்து மறுநாள் சட்டைப் பையில போட்டு வெச்சது யாரு?"

மாமாவுக்கு வாய் மூடவில்லை. "நாலு மாசமா உன் கையிலயா இருந்துச்சு? அப்புறம் ஏன் எடுக்கல?"

"எடுத்திருந்தா சைக்கிள் மட்டும்தானே கெடைச்சிருக்கும். ரோடு கெடைச்சிருக்குமா?"

சங்கிலியைக் கழற்றித் தகரப் பெட்டியில் போட்டாள். ஏறி உட்கார்ந்து மணியடித்தாள். நானும் மாமாவும் யாருக்கு அடிக்கிறாள் என்று சுற்றுமுற்றும் பார்த்தோம். கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது நாங்கள்தான்.