தட்டு கழுவும் மிஷினில் சிவப்பு விளக்கு

எலக்ட்ரீஷியன் வேலையில் ஒரு சுகம் உண்டு: எல்லாம் ஒழுங்காக எரிகிறவரை நம்மைத் தேட ஒரு நாதி இருக்காது. எரியக் கூடாத விளக்கு ஒன்று எரிந்தால் போச்சு, ஊரே நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். வீட்டு ரேடியோவைக் கழற்றி மாட்டிவிட்டு, மிச்சமான ஒரு ஸ்குரூவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஜாதிதான். நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் தற்காலிக எலக்ட்ரீஷியன். அதன் கேன்டீனில் கப்பலில் வந்திறங்கிய தட்டு கழுவும் மிஷின் ஒன்று இருந்தது. எச்சில் தட்டை அடுக்கிக் கதவைச் சாத்தினால் கொதிக்கிற தண்ணீரைப் பீய்ச்சிப் பளபளவென்று கழுவித் தரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சாப்பிட்டு முடித்ததும் அதைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். என் கெட்ட நேரம், அதன் கண்ட்ரோல் பெட்டியை மாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது.

புதுப் பெட்டி

பழைய பெட்டி உப்புக்காற்றில் துருப்பிடித்து, உள்ளே தானாகப் போட்டு அணைக்கிற ஸ்விட்சான ரிலேக்களில் பாதி எப்போதோ செத்துப்போயிருந்தது. ஆனாலும் பாவம், குத்துமதிப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் புகையைக் கக்கிவிட்டு அடியோடு படுத்துவிட்டது. புதுசு வந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்தோணி, இதை மாட்டி, என் கண் முன்னால ஒரு மதியத் தட்டு பூரா கழுவிக் காட்டு. அன்னிக்கே உன் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ஆர்டர் வந்தால்தான் எனக்கு பிலோமினா. அவள் எங்கள் ராயபுரத்துப் பெண். எங்கள் கேன்டீனின் தலைமைச் சமையல்காரர் சூசை மேஸ்திரியின் மகள். எங்கள் கிறிஸ்தவ வழக்கத்தில் கல்யாணம் என்றால், அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பேரைச் சொல்லி ஓலை வாசிக்க வேண்டும். "ஆர்டர் கைக்கு வந்தாத்தான் ஓலை" என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் தவறினால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருத்தன் தயாராக இருந்தான். அவன் பர்மனென்ட். கல்யாணக் கோட்டுகூடத் தைத்துவிட்டான் என்று கேள்வி.

பெட்டியை மாட்டினேன். காலையில் காலி ஓட்டம் ஜோராக ஓடியது. மதியம் முதல் பந்தித் தட்டு உள்ளே போனதும் சிவப்பு விளக்கு எரிந்தது, மிஷின் நின்றுவிட்டது. தட்டு கழுவும் பெண்களுக்குத் தலைவி கன்னியம்மா, திருவொற்றியூர் குப்பத்துக்காரி. இடுப்பில் கைவைத்துக்கொண்டு விளக்கை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"இன்னா நைனா, பயய பொட்டி செத்துக்கினே வேல செஞ்சுது. புச்சு உசுரோட கீது, ஒண்ணியும் செய்ய மாட்டேங்குதே!"

கிணறு

அந்த விளக்குக்கு என்மேல் என்ன கோபமோ தெரியாது. மதியப் பந்தி ஆரம்பித்ததும் எரியும். நான் ஓடிவந்து பெட்டியின் நாலு ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பார்ப்பதற்குள் அணைந்துவிடும். சாயந்திரம் முழுக்கச் சமர்த்தாக ஓடும். மறுநாள் மதியம் பழைய குருடி. பெட்டியை இறக்கினேன், ஏற்றினேன், ஒயரையெல்லாம் மாற்றினேன். மாற்றினது பெட்டி, அப்புறம் கோளாறு வேறெங்கே இருக்கும் என்று நான் அதையே கட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு இன்ஜினியர் வந்தார். மிஷினோடு வந்த புத்தகம் ஜெர்மன் பாஷையில் இருந்தது. அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, படத்தை மட்டும் பார்த்து, "எர்த் சரியில்லை, புதுசா குழி வெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். வெட்டினோம். கடலோர மணல் அல்லவா, இடுப்பளவு போனதும் தண்ணீர் ஊறிவிட்டது. எர்த் கம்பியைச் சுற்றிக் கொட்ட உப்பும் கரியும் வாங்கிவரப் போனேன். டோல்கேட் வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் குழியைச் சுற்றிக் குடத்தோடு கூட்டம்.

கன்னியம்மா என் கையிலிருந்த உப்பு மூட்டையைப் பிடுங்கித் தூர வைத்தாள். "தோ பாரு, உன் எர்த்து கிர்த்து எல்லாம் வேற எங்கியாவது வெச்சுக்க. இங்க நல்ல தண்ணி வந்துகினு கீது!"

தீர்த்தம்

விஷயம் மேஸ்திரி காதுக்குப் போய்விட்டது. அவருக்கும் கவலைதான். மகள் அழுதுகொண்டிருக்கிறாளாம். மறுநாள் ஒரு பாட்டிலில் மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்தார். நான் பெட்டியைத் திறந்து கரண்டு ஓடும்போதே சோதித்துக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து சளசளவென்று தெளித்தார் பாருங்கள், ஐயோ! ஒரே துள்ளல். நான் போய்ச் சாம்பார் அண்டா பக்கத்தில் விழுந்தேன்.

"மாமா, எலக்ட்ரிக் மிஷின் மேல தண்ணி தெளிக்கலாமா?" என்று கத்தினேன். மேஸ்திரி நிதானமாகப் பாட்டிலை மூடினார்.

"மிஷின் மேல இன்னாத்துக்குத் தெளிக்கிறேன்? பீடை உன்னாண்டதான் கீது, உன் மேலதான் தெளிச்சேன்."

வெள்ளிக்கிழமை

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு எரியவேயில்லை. மூன்று பந்தித் தட்டும் கழுவி முடித்தது. சந்தோஷத்தில் நான் விசிலடித்துக்கொண்டே மேனேஜரைக் கூப்பிடப் போக, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றார். சனிக்கிழமை வந்து நின்றார். சிவப்பு! "விளையாடறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமும் இதே கூத்து. மற்ற நாளெல்லாம் சிவப்பு, வெள்ளிக்கிழமை மட்டும் பத்தரைமாற்றுத் தங்கம். மிஷினுக்கு எப்படி ஐயா கிழமை தெரியும்? எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கன்னியம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "வெள்ளிக்கெயம எங்க அம்மன் பாத்துக்குது. மத்த நாள்ல உங்க கோயிலு சாமி யாராச்சும் பாத்துக்கினா கொறஞ்சா பூடுவாங்க?"

வாசனை

அடுத்த புதன்கிழமை. விளக்கு எரிந்து நான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கேன்டீனில் அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. ஆனால் மிஷினிலிருந்து வஞ்சிரம் மீன் குழம்பு வாசனை வருகிறது! மோந்துகொண்டே சுவரோரமாகப் பின்பக்கம் போனேன். அத்தனை நாளில் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. வெந்நீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினால், உள்ளே பாதி முங்கியபடி ஒரு டிபன் கேரியர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. மேல் தட்டில் வெட்டியிருந்த பேர்: சூசை.

புரிந்துவிட்டது. தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று பார்க்கிற குச்சி ஒன்று அந்தத் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆறின கேரியர் அதன்மேல் சாய்ந்ததும், தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும், விளக்கு எரியும். குழம்பு சூடானதும் அணைந்துவிடும். பழைய பெட்டியில் அந்தக் குச்சி சொல்வதைக் கேட்கிற ரிலே செத்துவிட்டதால் யார் எதை வைத்தாலும் கண்டுகொள்ளாது. புதுசு யோக்கியன், உண்மையைச் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை மேஸ்திரி ஒருசந்தி இருப்பார், பகலில் பச்சைத் தண்ணிதான். அதனால் கேரியரும் இல்லை, சிவப்பும் இல்லை.

இதை யாரிடம் போய்ச் சொல்ல? தலைமைச் சமையல்காரர் தான் சமைத்ததைத் தானே சாப்பிடுவதில்லை, வீட்டுச் சாப்பாடுதான் என்று தொழிலாளர்களுக்குத் தெரிந்தால் அன்றைக்கே கேன்டீனைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவார்கள். காட்டிக்கொடுத்தால் மேஸ்திரி பெண் தரமாட்டார். காட்டிக்கொடுக்காவிட்டால் ஆர்டர் இல்லை, அப்போதும் தரமாட்டார். தொட்டியைப் பழையபடி மூடினேன். கன்னியம்மா தட்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"இத்த இப்பதான் பாக்கறியா? மிஷினு வந்த நாளா அங்கதான் சூடு பண்ணிக்கினு கீறாரு. நீ முன்னாடியே நோண்டிக்கினு இருந்தியே, பின்னாடி இன்னா கீதுன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

பாயசம்

நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நேராக மேனேஜரிடம் போய், "சார், வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்னிக்கு வாங்க, ஓட்டிக் காட்டறேன்" என்றேன். மேனேஜர் சரி என்றார். மேஸ்திரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "கெட்டிக்காரன்பா நீ, நாள் பாத்துக்கீற" என்று முதுகில் தட்டினார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வருகிறார் என்று கேன்டீனில் எல்லாருக்கும் பாயசம். அவரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துக்கொண்டே, ஆர்டரைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் வந்து நின்றார். நான் மாப்பிள்ளை முறுக்கோடு கதவைச் சாத்தி ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு! பிலோமினா கோட்டு போட்டவனோடு கோயில் படி இறங்குவது அப்படியே கண்முன் தெரிந்தது. எதுவானாலும் ஆகட்டும் என்று பின்பக்கம் ஓடி மூடியைத் தூக்கினேன். அதே கேரியர்!

"யாருது இது?" என்றார் மேனேஜர். அவரும் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். "என்னுது சார்" என்று நான் வாயெடுப்பதற்குள் மேஸ்திரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "என்னுதுதான் சார். எனக்கு இன்னிக்கு ஒருசந்தி. மாப்ள இன்னிக்கு பர்மனென்ட் ஆயிடுவான்னு, என் சம்சாரம் அவனுக்காக ஆசையாப் பாயசம் செஞ்சு குடுத்துச்சு. ஆறிப்போச்சேன்னு வெச்சேன்" என்றார். அவர் கேரியரை எடுத்த கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்து, மிஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

மேனேஜர் ஓடுகிற மிஷினைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். "ஏன்யா, இன்னிக்குக் கேன்டீன்லயே பாயசம்தானே? அப்புறம் எதுக்கு வீட்டுலேருந்து?" என்று கேட்டார். மேஸ்திரி பதறிப்போனார்.

"இன்னா சார் நீங்க, அத்த எப்டி சார் மாப்ளைக்குக் குடுக்கறது? அத்த நான்ல சார் செஞ்சேன்!"

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஆர்டரில் கையெழுத்துப் போட்டதும், ஞாயிற்றுக்கிழமை சாமியார் முதல் ஓலை வாசித்ததும் போக எனக்கு மிஞ்சிய பாடம் ஒன்றுதான்: எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும், யார் வீட்டுச் சாப்பாடு அதில் சூடாகிறது என்று பின்பக்கம் பார்த்துவிட்டுத்தான் நான் முன்பக்க ஸ்குரூவில் கை வைக்கிறேன்.