பஸ் வராத நாட்களில் அப்பா எங்கே போனார்?

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். கொரோனாவுக்காக ஊரை அடைத்திருந்தபோது நான் லோடு வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டிலேயே கிடந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஒரு நாள் பாப்பா அடுப்படியில் உங்கள் அம்மாவிடம் கேட்டாள்: "அப்பா ஏம்மா எங்கயும் போகாம நம்மளையே பார்த்துக்கினு இருக்குது?" மெதுவாகக் கேட்டதாக அவளுக்கு நினைப்பு. எனக்குக் கேட்டுவிட்டது. கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. நானும் ஒரு காலத்தில் என் அப்பாவை அப்படித்தான் முறைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

நான் நாலாவது படித்தபோது எங்கள் பக்கமும் ஒரு வாரம் போல அடைந்து கிடந்தது. அப்போது நோய் எதுவும் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து எங்கள் வடக்கனந்தலைத் தாண்டியும் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். சிறுபாலத்துப் பக்கத்தில் பள்ளம் பறித்துவிட்டார்கள். யார் கேட்டது நியாயம், யாருக்கு என்ன கிடைத்தது என்பதையெல்லாம் நீங்கள் வளர்ந்து படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாவதோடு நின்றவன் நான், அதைச் சொல்லித்தர எனக்குத் தகுதி பத்தாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் வரவில்லை என்பதுதான்.

பஸ் வராவிட்டால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் யோசித்ததே இல்லை. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. காலை டவுன் பஸ் வளைவில் ஹாரன் அடித்தால் அம்மா சோற்றை வடிப்பாள். ஹாரன் இல்லாத முதல் நாள் சோறு குழைந்தது. மறுநாள் பயந்துகொண்டு சீக்கிரம் வடித்ததில் அரிசி நறுக்கு நறுக்கென்று கடிபட்டது. பால் வண்டி வராததால் கறந்த பாலை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கு வீடு பால்கோவா கிளறினார்கள். தெருவே கல்யாண வீடு மாதிரி மணத்தது. நாய்கள் தார்ச்சாலையின் நடுவில் கால் நீட்டிப் படுத்தன.

எதிர்வீட்டு அத்தை பாடுதான் பெரிய பாடு. அவள் உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து வழக்கம்போலச் சாலையில் பரப்பிவிட்டாள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறி ஏறிப் போனால் சாயங்காலத்துக்குள் உளுந்து தானாக உதிர்ந்துவிடும். எங்கள் பக்கம் அதுதான் கதிரடிக்கிற மிஷின். அத்தை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சக்கரமும் வரவில்லை. கடைசியில் என்னையும் தெருப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, "ஏறிக் குதிங்கடா, ஆளுக்கு ஒரு கை பால்கோவா தர்றேன்" என்றாள். குதித்தோம். உளுந்து கொஞ்சமும் கால் வலி நிறையவும் கிடைத்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் எங்கள் வீட்டுக்குள் நடந்தது. அப்பா வீட்டில் இருந்தார்.

அவர் அந்த டவுன் பஸ்ஸுக்கு டிரைவர். மலையடிவாரத்துக் கடைசி ஊரில் ராத்திரி வண்டியைப் போட்டுவிட்டு அதிலேயே படுத்துக்கொள்வார். விடிகாலை முதல் டிரிப் அங்கிருந்து கிளம்ப வேண்டும். வீட்டுக்கு வருகிற நாளிலும் தூங்கிக்கொண்டேதான் இருப்பார். அதனால் காக்கிச் சட்டை இல்லாத அப்பாவை நான் முழுசாகப் பார்த்தது அந்த வாரத்தில்தான். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தேகமாக இருந்தது. உப்பு ஜாடி எங்கே இருக்கிறதென்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. தூங்கும்போது வலது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வெளியே கிளம்பும்போது வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். சும்மா பார்ப்பதில்லை. உள்ளேயிருந்து யாரோ ஏதோ சொல்லப்போகிற மாதிரி காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். பிறகுதான் இறங்குவார். எங்கள் தெருவில் அப்படித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறவன், அடுத்தவன் கொல்லையில் மாங்காய் பறிக்கப் போகிறவன்தான்.

தினமும் சாப்பிட்ட கையோடு ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு, இப்படித் திரும்பிப் பார்த்துவிட்டு, மலைப் பக்கமாக அப்பா நடந்தார். இருட்டுவதற்குள் வெறும் பையோடு திரும்பினார். எங்கே என்று அம்மா கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அத்தைக்கும் படவில்லை. உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாடா, ஒங்கப்பாரு தெனமும் பையத் தூக்கிக்கினு எங்க போறாரு?"

"தெரியல அத்தை."

"பஸ்ஸே ஓடல, டிரைவருக்கு இன்னாடா டூட்டி?" முறத்தை ஒரு தட்டு தட்டினாள். "ராத்திரி வண்டி நிக்கற ஊரு இங்கேருந்து எவ்ளோ தொலைவு? சைக்கிள மிதிச்சா ஒரு பீடி அணையறதுக்குள்ள வூடு. ஒரு நாளாவது வந்து படுத்திருக்கறாரா? டிரைவருங்களுக்குக் கடைசி ஸ்டாப்புல இன்னொரு வூடு இருக்கும்டா. ஒங்கம்மாவ உஷாரா இருக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு வீடு இருந்தால் அங்கே இன்னொரு அடுப்பு இருக்கும், இன்னொரு அம்மா இருப்பாள். சாலையைத் திறந்ததும் அப்பா பஸ்ஸை ஓட்டிக்கொண்டு அந்த வீட்டோடு போய்விடுவார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஊரில் பாதிப்பேர் எப்போது மரத்தை நகர்த்துவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் இன்னும் நாலு மரம் விழ வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன்.

மறுநாள் அப்பாவுக்குப் பின்னால் போனேன். அவர் சாலையில் நடந்தார். நான் வாய்க்கால் கரையில் கரும்புத் தோகைக்குள் மறைந்து மறைந்து நடந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி ஒரு பெரிய மரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த பையன்கள் அப்பாவை நிறுத்தினார்கள்.

"இன்னா டிரைவரே, வண்டி இல்லாம நடக்கத் தெரியுதா ஒங்களுக்கு?"

"தெரியுது தம்பி. பிரேக்குதான் கொஞ்சம் கம்மியா புடிக்குது."

"பையில இன்னா?"

அப்பா பையை விரித்துக் காட்டினார். அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன பார்த்தார்களோ, சிரிப்பை நிறுத்திவிட்டு ஒருவன் கைகொடுத்து அவரை மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டான். அவர்களும் இதில் கூட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி ஊர் மலைக்கு நேர் கீழே இருந்தது. புங்கமரத்தடியில் பஸ் நிற்கிற இடம் காலியாக, தரையில் எண்ணெய்க் கறையோடு கிடந்தது. அதற்கு எதிரே ஒரு கூரை வீடு. ஒரு பொம்பளை வெளியே வந்தாள். ஒரு கால் குட்டை. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்து வந்து பையை வாங்கினாள். பைக்குள்ளிருந்து அரிசியும் ஒரு எண்ணெய்ப் பாட்டிலும் வந்தன. "வாங்கண்ணா" என்றாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெளியாள் இருந்தால் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். வெளியாள் நான் வேலிக்குப் பின்னால் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு பொடியன் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தான். என்னைவிடச் சின்னவன். அவன் போட்டிருந்தது என் சட்டை. பாக்கெட்டில் கப்பல் படம் போட்ட நீலச் சட்டை. எலி கடித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அம்மா சொன்ன அதே சட்டை. அதில் எலி கடித்த ஓட்டை எதுவும் இல்லை.

அப்பா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி பிடித்தார். பொடியன் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவன்தான் கண்டக்டர். அப்பா வண்டியை எடுக்கவில்லை. அவன் வாயைக் குவிப்பான், விசில் அடிக்கமாட்டான், சிரிப்பான். அப்பா அசையாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"போதும்டா, அடிச்சித் தொலையேன். எவ்ளோ நேரந்தான் நிக்க வெப்ப அவர?" என்று அந்த அம்மா அதட்டினாள்.

"இருக்கட்டும்மா. அவன் அடிக்கட்டும், அப்பறம்தான் எடுப்பேன்" என்றார் அப்பா.

அவன் இரண்டு தரம் விசில் அடித்தான். அப்பா வாயாலேயே இஞ்சினை உறுமவைத்து வண்டியை எடுத்தார். என்னோடு அவர் ஒரு நாளும் அப்படி விளையாடியதில்லை. வந்த வழியே திரும்பினேன். கரும்புத் தோகை கன்னத்தைக் கீறியது. அழுதது அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா அடுப்பில் பாலைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவுக்கு இன்னொரு வூடு இருக்குது, அங்க ஒரு பொம்பளை இருக்குது, ஒரு பையன் என் சட்டையப் போட்டுக்கினு இருக்கறான், அப்பா இனிமே வரமாட்டாரு. சொல்லி முடித்துவிட்டு, அம்மா இப்போது தலையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று காத்திருந்தேன்.

அம்மா கரண்டியை நிறுத்தவில்லை.

"சட்ட அளவா இருக்குதா அவனுக்கு? தோள்ல தொங்குதா?"

"இன்னாது?"

"தொங்குனா புடிச்சித் தெச்சிக் குடுக்கலாம். அதுக்குத்தான் கேக்கறேன்."

பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எதிர்வூட்டுல சொல்றதயெல்லாம் காதுல வாங்கிக்கினு திரியாத. போய் மூஞ்சி கழுவு." அவ்வளவுதான் விளக்கம். அதுவரை ஒருவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, அன்றிலிருந்து வீட்டில் சந்தேகப்பட இரண்டு பேர் கிடைத்தார்கள்.

சில நாளில் மரங்களை அறுத்து ஓரம் தள்ளினார்கள். பள்ளத்தில் மண்ணைக் கொட்டினார்கள். அப்பா காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். "போகாத" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் போய்விட்டார். அன்று முழுக்க நான் எதுவும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை வளைவில் ஹாரன் கேட்டது. அம்மா சோற்றை வடித்தாள். சோறு பதமாக இருந்தது. மத்தியானம் அப்பா வந்தார், வழக்கம்போலத் தூங்கினார். வலது கால் தரையை அழுத்தியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அம்மாவின் பழைய புடவை, என் சின்னதாய்ப் போன சட்டை என்று மஞ்சள் பை அந்த ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. பெரிய ரூட் பஸ் கொடுத்தபோதும் அப்பா வேண்டாமென்று அந்த டவுன் பஸ்ஸையே ஓட்டினார். ஏனென்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் கேட்காமலே அவர் காலமாகிவிட்டார்.

நான் லைசென்ஸ் வாங்கி வந்த அன்றைக்கு அம்மாவே சொன்னாள்.

நான் பிறந்த சேதி அப்பாவுக்குக் கடைசி டிரிப்பில்தான் கிடைத்ததாம். புங்கமரத்தடி ஸ்டாப்பில் ஒரு பெண் மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தாளாம். எல்லாரையும் இறக்கிவிட்டால், அன்றைக்கு மட்டும் வண்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு என்னைப் பார்க்க வரலாம் என்ற அவசரம். கண்டக்டர் விசில் கொடுப்பதற்கு முன்பே அப்பா வண்டியை எடுத்துவிட்டார். அவள் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து கால் குட்டையாகிவிட்டது. விசாரிக்க வந்தவர்களிடம், "டிரைவர் மேல தப்பு இல்லீங்க, நான்தான் வண்டி நிக்கறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு எறங்குனேன்" என்று சொல்லிவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பா, எந்தச் சேதியைக் கேட்டு அவசரப்பட்டார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபிறகுதான் அவள் அப்படிச் சொன்னாள், அப்பாவின் வேலையும் தப்பியது. பின்னால் அவள் புருஷன் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனான். கையில் ஒரே பையன்.

"ஒன் தொட்டில்ல போட்ட மொத துணியே அந்தம்மா குடுத்த வாழ்க்கைலதான்டா வந்துது" என்றாள் அம்மா. "ஒனக்குத் தெரிஞ்சா பாரமா இருக்கும்னு ஒங்கப்பாதான் சொல்ல வாணாம்னாரு."

வாசற்படியில் அப்பா எதற்காகக் காது கொடுத்து நின்றார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற நான் அன்றைக்கு அவரைப் பிடித்துவைக்க நினைத்தேன். அவரோ, போகலாம் என்று யாராவது சொல்வதற்காகத்தான் நின்றிருக்கிறார்.

மறுநாள் காலை முதல் லோடு. வாசலில் யாரும் இல்லை. ஏறி உட்கார்ந்து சாவியைத் தொட்டேன். தொட்டுவிட்டு இறங்கினேன். பின்பக்கம் போய் ஒரு சுற்றுப் பார்த்தேன். திரும்ப ஏறிக் கதவைச் சாத்தி, உதட்டைக் குவித்து நானே இரண்டு தரம் விசில் அடித்தேன். அதற்கப்புறம்தான் வண்டியை எடுத்தேன்.