உறை சொன்ன மருந்தும் பூ சொன்ன மருந்தும்

புனே என்றதும் எல்லோரும் கோட்டைகளையும் மலைகளையும் விசாரிப்பார்கள். நான் பார்த்தது ஔந்தில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா மட்டும்தான். 2004 ஜூலையில் மச்சானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, நிமோனியா முற்றிவிட்டதென்று அவர்கள் குடியிருந்த சாங்வியிலிருந்து போன் வந்தது. கிளம்பினேன். உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

கோவையில் காலை ரயில் ஏறினால் மறுநாள் மதியம் புனே. எங்கள் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். ஸ்டேஷனிலிருந்து ஔந்துக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல், கொட்டும் மழை. மீட்டர் போடச் சொன்னதற்கு ஆட்டோக்காரர், "பாரிஷ் மே மீட்டர் நஹி சல்தா, அண்ணா" என்று சிரித்தார். மழையில் மீட்டர் ஓடாதாம். நூறு ரூபாய் கொடுத்தேன். சண்டை போடத் தெம்பில்லை.

அன்று மாலை டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். இந்த நிலைக்கு இரண்டு மருந்துகள் உண்டு, இரண்டும் வழக்கத்தில் இருப்பவை, எது மேல் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. சம்மதித்தால் ஒட்டிய உறை ஒன்றைப் பிரிப்பார்கள், உள்ளே எழுதியிருக்கும் மருந்தைக் கொடுப்பார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெரியாது என்று சொல்லும் டாக்டரை அதுவரை நான் பார்த்ததில்லை.

அக்காவுக்குக் கோபமே இல்லை. "பூக் கட்டிப் பாக்கற மாதிரித்தானே? பாக்கட்டும் உடு" என்று கையெழுத்துப் போட்டாள். எங்கள் பக்கம் கல்யாணமோ காடு தோட்டம் வாங்குவதோ, முடிவெடுக்க முடியாவிட்டால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன் போட்டு ஒன்றை எடுப்போம்.

உறையைப் பிரித்தார்கள், மருந்து ஏறியது. மறுநாள் குளிக்க வீட்டுக்குப் போன அக்கா, சாமி படத்துக்கு முன்னால் நிஜமாகவே பூக் கட்டிவிட்டாள். உறை சொன்ன மருந்துக்கு வெள்ளை, மற்றதற்குச் சிவப்பு. வந்தது சிவப்பு.

ஓடி வந்து டாக்டரம்மாவிடம் மாற்றித் தரக் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. "எப்போது வேண்டுமானாலும் விலகலாம், மாற்றித் தருகிறேன். ஆனால் இன்று காய்ச்சல் குறைந்திருக்கிறதே" என்றார் இந்தியில். அக்கா வெகுநேரம் யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அந்த வாரமே மச்சான் போய்விட்டார்.

"சாமி சொல்லியும் நாங் கேக்கலியேடா." அதற்குப் பிறகு அக்காவின் எந்தப் பேச்சும் இதில்தான் வந்து முடியும்.

போகிறவர்களுக்கு: ஜூலை என்றால் குடையும் ஸ்வெட்டரும் வேண்டும். கூட இருப்பவருக்குத் தூங்க இடம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். டாக்டர் தெரியாது என்றால் கோபப்படாதீர்கள், எப்போது தெரியவரும் என்று கேட்டு ஈமெயில் முகவரி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியிருந்தேன். போன மாதம் டாக்டரம்மாவுக்கு எழுதிக் கேட்டதற்குப் பதில் வந்தது: இரண்டு மருந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இது மொத்தக் கணக்கு, தனி ஒருவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதானாம்க்கா. உம்மேல தப்பே இல்ல."

அக்கா கேட்டாள்:

"அப்பறம் ஏண்டா கண்ணு, சாமி செவப்பு எடுத்துக் குடுத்துச்சு?"