மாமாவுக்கு வைத்த டார்ச்

எஸ்டேட் ரைட்டரின் டார்ச் லைட்டைத் தேடித்தான் சேலத்திலிருந்து இரண்டு ஜீப் மலையேறி வந்திருக்கிறது என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். அதைத் திருடியவன் நான்; ஒளித்து வைத்த இடம் மாமாவின் புதைகுழி. வந்தவர்கள் கையிலோ கடப்பாரை, மண்வெட்டி. எட்டு வயசுக்காரன் வேறென்ன நினைப்பான்?

மாமா சந்தனமரம் வெட்டியதாக ஜெயிலுக்குப் போனவர். நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று சொல்லி உடம்பைக் கொடுத்தார்கள். மாமாவுக்கு இருட்டென்றால் நடுக்கம். கொல்லைக்குப் போக என்னைத் துணைக்குக் கூப்பிடுகிற வீரர். மண்ணுக்குள் தனியாக என்ன செய்வார்? எல்லோரும் மண் தள்ளும்போது டார்ச்சையும் சேர்த்து நழுவவிட்டேன்.

அத்தை நெஞ்சுவலியை நம்பவில்லை. குளிப்பாட்டும்போது நெஞ்சில் கன்றிய தடங்களைப் பார்த்தவள். "போலீசும் வேண்டாங்க, ஜெயிலுக்காரங்களும் வேண்டாங்க. சம்பந்தமில்லாத ஆளு பார்த்துச் சொல்லட்டும்" என்று கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கிவிட்டாள். புதைத்தவரைத் தோண்டினால் ஊருக்கு ஆகாது என்றார்கள். தோண்ட வந்த அன்றைக்கு ஒரு கதவும் திறக்கவில்லை; என் அப்பாகூட வரவில்லை. குழியருகே எங்கள் ஊர் ஆள் என்று அத்தை ஒருத்திதான். நான் காப்பிச் செடிக்குள் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தேன். எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்கு ஓர் ஆடு நேர்ந்துகொண்டேன். மண்வெட்டி ஆழம் போகப் போக ஆடு மூன்றானது.

முதலில் வந்தது டார்ச்தான்.

"இது யாருதும்மா?" என்றார் விசாரணை அதிகாரி. அத்தை விழித்தாள்.

போச்சு, இந்தப் பழியும் மாமா தலையில் விழப்போகிறது. கைகளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். "மாமா எடுக்கலீங்க! நாந்தானுங்க திருடுனேன்! அவருக்கு இருட்டுன்னா நொம்பப் பயமுங்க!"

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி டார்ச்சை ஓரமாக வைத்துவிட்டு, "அப்படிப் போய் நில்லு கண்ணு" என்றார். வெளியூர் டாக்டர் குழிக்குள் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு அதிகாரியிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"ஏனுங்க, எனக்கும் சொல்லுங்க" என்றாள் அத்தை.

"விலா எலும்பெல்லாம் உடைஞ்சிருக்குதும்மா."

அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, "சாமி, சாமி" என்று மலையே கேட்கும்படி அழுதாள். என்னை ஜீப்பில் ஏற்றாமல் விட்டுவிட்ட சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாமாவுக்கு நெஞ்சுவலி வரவில்லை. ஜெயிலில் அவரை அடித்துக் கொன்றிருந்தார்கள்.