வள்ளம் இன்னும் இறக்கேல்ல!

போன மாதம் ஒரு மனுசன் வாயைத் திறந்தபடி என் மேசைக்கு வந்து சேர்ந்தார்.

நேரில் அல்ல, படத்தில். பளபளக்கும் தாளில், முழு வண்ணத்தில். பல் டொக்டரிடம் வந்தவர் போலத் திறந்த வாய். அந்த வாய்க்கு நேரே மருந்துக் குளிசை ஒன்றை நீட்டியபடி கோட்டுப் போட்ட ஒரு கை. ஓரத்தில் வளையல் போட்ட இன்னொரு கை, ஓடுகிற பஸ்ஸை மறிக்கிற மாதிரி உயர்ந்து நிற்கிறது. கீழே விளக்கம்: ‘பீடாதிபதி அவர்கள் கரையோர மக்களுக்கு மருந்தறிவு ஊட்டுவதையும், மக்கள் அதனை ஆர்வத்துடன் உள்வாங்குவதையும் படத்தில் காணலாம். அருகில் மாணவர்கள் மற்றும் பலர்.’

உள்வாங்குகிறார்களாம்!

அந்த விளக்கத்தை எழுதியது நான் இல்லை. ஆனால் அந்தக் குளிசை உள்ளே போகாமல் தப்பிய கதை எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றவன் நான்.

எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பாமசி, அதாவது மருந்தாளர் படிப்பு, படிப்பிக்கிற பள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயர் போட்டால், ‘பத்திரிகையில் புகழாரம்’ என்று அதையும் அடுத்த மாதச் சாதனையில் சேர்த்துவிடுவார்கள். மாதம் பிறந்தால் அங்கே ஒரு செய்திமடலும் பிறக்கும். ‘இம்மாதச் செய்திகளும் சாதனைகளும்.’ மூன்று மொழியில். அதில் தமிழுக்கு மட்டும் அடிக்கடி காய்ச்சல் வரும். ஒருமுறை, ‘புதுமுக மாணவர்கள் மாலை அணிவிக்கப்பட்டு வளாகத்தில் நடப்பட்டனர்’ என்று வந்தது. மரக்கன்று என்ற சொல் எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது. பிள்ளைகள் வேர் விட்டார்களோ தெரியாது. அடுத்த மாதம் ஒரு பேராசிரியரே ‘பிரமுகர்கள் முன்னிலையில் வெளியிடப்பட்டார்.’ அவருடைய புத்தகம் என்ன ஆனதோ!

அதற்குப் பிறகுதான் தமிழ்ப் பக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னைப் பிடித்தார்கள். கவிதை எழுதுகிறவனுக்கு வேறு வேலை இருக்காது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

திருத்தித் திருத்தி இப்போது எனக்குச் சாதனையின் இலக்கணம் நன்றாகப் பிடிபட்டுவிட்டது. குத்துவிளக்கு ஏற்றினால் சாதனை. நாடா வெட்டினால் சாதனை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனால் ‘சர்வதேசத் தொடர்பு’. புரிந்துணர்வு ஒப்பந்தம் — அதுதான் உச்சம். இரண்டு பக்கமும் ஒன்றும் புரியாமல், ஒரே பேனையை மாறி மாறிப் பிடித்துச் சிரிப்பது.

போன மாதப் பக்கங்களைக் கொடுக்கப் பள்ளித் தலைவரான பீடாதிபதியின் அறைக்குப் போயிருந்தேன். சன்னலுக்கு வெளியே துறைமுகம், யாரையும் கணக்கெடுக்காத ஒரு பெரிய நீல மிருகம் போலப் படுத்திருந்தது. உள்ளே நிரோஷினி நின்றுகொண்டிருந்தாள். அங்கே விரிவுரையாளர். கதிரை இருந்தும் உட்காரவில்லை. கோபம் வந்தால் அவள் உட்காரமாட்டாள்.

விஷயம் இதுதான். சனிக்கிழமைகளில் அவளும் மாணவர்களும் பள்ளியின் வான் வண்டியில் இலங்கைத்துறை என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போய்வருகிறார்கள். கடற்றொழில் செய்கிற குடும்பங்களுக்கு, கிளினிக்கில் கொடுத்த மருந்தை எப்படிப் போடுவது என்று விளங்கப்படுத்துகிற வேலை. அங்கே யோகன் என்றொருவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மருந்து உறையில் ‘இரவு, சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதியிருந்தது. யோகனும் சொல் தவறாத மனுசன். இருட்டினதும் நடுக்கடலில் குளிசையைப் போட்டார். ஆனால் சாப்பாடு? அது விடிந்து கரைக்கு வந்த பிறகுதான். ஒருநாள் வள்ளத்தில் நின்று வலையை இழுக்கும்போது, வெறுவயிற்றில் சீனி இறங்கிக் கண் இருட்டி, வலையோடு சேர்ந்து தண்ணீருக்குள் சரிந்தார். கூடப் போனவர் சாரத்தில் பிடித்து இழுத்திராவிட்டால், அன்றைக்கு மீன்களுக்குத்தான் விருந்து.

இரவு என்றால் எல்லோரும் வீட்டில் சோறு தின்று படுப்பார்கள் என்று உறையை அச்சடித்தவர் நினைத்திருக்கிறார். அவரும் மீன் சாப்பிடுகிறவர்தானே? அந்த மீன் எந்த நேரம் பிடிபட்டது என்று ஒருநாளாவது யோசித்திருக்கக் கூடாதா?

நிரோஷினி கிளினிக் டொக்டரோடு கதைத்து நேரத்தை மாற்றுவித்தாள். பிறகு சின்னச் சின்ன ஸ்டிக்கர் அடித்தாள். ‘காலை’, ‘இரவு’ ஒன்றும் இல்லை. ஒன்றில் ‘வள்ளம் இறக்க முதல், சோத்தோட’. மற்றதில் ‘கரை ஏறினாப்பிறகு’. அவ்வளவுதான். எனக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு காலம் எழுதியும் ஓர் உயிரைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு வரி நான் எழுதியதில்லை.

அந்த மாதக் கடைசியில் பல்கலைக்கழகச் சபை கூடவிருந்தது. எந்த வேலைக்கு வான், எந்த வேலைக்கு வான் இல்லை என்று அங்கேதான் முடிவாகும். சபை பார்ப்பது சாதனைப் பக்கத்தை மட்டும். பக்கத்தில் வராத வேலைக்கு வான் இல்லை. வான் இல்லாவிட்டால் ஸ்டிக்கர் இல்லை. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் பழையபடி நடுக்கடலில் ‘இரவு’.

பீடாதிபதி கெட்டவர் அல்ல. நன்றாகச் சிரிப்பார். ஆனால் கெமராவைக் காணாவிட்டால் அவருக்கு ஒன்றும் நடந்த மாதிரித் தெரியாது.

“படம் எங்க மிஸ்?”

நிரோஷினி தொலைபேசியை நீட்டினாள். படத்தில் யோகன் பாயில் குப்புறப் படுத்து நித்திரை. தலைமாட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய உறை.

“நித்திரை கொள்ளுற ஆளைச் சாதனை எண்டு போடுறதோ?”

“அவர் உயிரோட நித்திரை கொள்ளுறார் சேர். அதுதான் சாதனை.”

“உங்கட கதை விளங்குது பிள்ளை. சபைக்கு விளங்க வேணுமே! படம் இல்லாட்டி அது நடக்கேல்ல. அவ்வளவுதான்.”

“அப்ப ஒரு குத்துவிளக்கையும் கொண்டுபோய் அங்க ஏத்துவம் சேர்!”

பகிடிக்குத்தான் சொன்னாள். பீடாதிபதியின் முகத்தில் விளக்கு எரிந்துவிட்டது.

“அருமையான யோசனை! நானே வாறன்.”

வாயை விட்டவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “வாறதெண்டால் பின்னேரம் வாங்க சேர். நாலு மணிக்குத்தான் ஆக்கள் எழும்புவினம்.”

“பின்னேரம் வெளிச்சம் காணாது. காலமை பத்து மணி. நல்ல நேரமும் அதுதான்.”

போனோம். கிண்ணியா தாண்டி, மூதூர் தாண்டி. வானுக்குள் குத்துவிளக்கு ஒரு சீற்றில் மணப்பெண் மாதிரி உட்கார்ந்து வந்தது. மாணவர்கள் பின்னால் நெருங்கிக்கொண்டார்கள். பதாகை, பொன்னாடை, கடித்துக்கொள்ள ஒரு பெட்டி நிறையப் பற்றீஸ். மருந்துப் பெட்டி காலுக்குக் கீழே.

இலங்கைத்துறையில் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. வலைகள் காய்ந்தன. நாய்கள் கூடப் படுத்திருந்தன. கச்சான் காற்று மட்டும் விழித்திருந்தது. பந்தலின் கீழ் வெறுங் கதிரைகள்.

“ஆக்கள் எங்க?” என்றார் பீடாதிபதி.

யோகனின் மனைவி மலரக்கா முற்றத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். “படுக்கினம்.”

“இந்தப் பகலிலயோ?”

“உங்களுக்குப் பகல் சேர். அவையளுக்கு இது நடுச்சாமம்.” கையைக் கழுவிக்கொண்டு விளக்கை ஒரு பார்வை பார்த்தார். “நடுச்சாமத்தில வெளிச்சம் கொண்டு வந்திருக்கிறீங்க. நல்லதுதான்.”

நான் சிரிப்பை அடக்கக் கடலைப் பார்த்தேன். கடலும் சிரிப்பை அடக்குகிற மாதிரித்தான் இருந்தது.

விளக்கு எரியவில்லை. ஒரு திரியைப் பற்றவைத்தால் மற்றத் திரியைக் காற்று தின்றது. நிரோஷினியும் மாணவர்களும் பதாகையைப் பிடித்துக் காற்றை மறித்து நின்றார்கள். ‘ஒளி பெறும் கரையோரம்’ என்பது பதாகையில் எழுதியிருந்த வாசகம். கடைசியில், எரிகிற மாதிரி வைத்துப் படம் எடுத்தார்கள்.

“ஒரு பயனாளி வேணும்” என்றார் கெமராக்காரர்.

மலரக்கா உள்ளே போய் யோகனை எழுப்பிக்கொண்டு வந்தார். சாரம், தலை கலைந்த கோலம், ஒரு கண் இன்னும் பாயிலேயே கிடக்கிறது. நடு இரவில் உங்களை எழுப்பித் தோளில் பொன்னாடை போர்த்தினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அவரும் நின்றார்.

“என்ன, ஆரும் செத்திட்டினமோ?” என்று மெல்லக் கேட்டார்.

“இல்லையப்பா. உன்னைக் கௌரவிக்கினம்” என்றார் மலரக்கா.

“ஏன், நான் என்ன செய்தனான்?”

“நித்திரை கொண்டனீ.”

கெமராக்காரருக்கு வெறும் பொன்னாடை போதவில்லை. “சேர், மருந்து குடுக்கிற மாதிரி ஒண்டு?” பீடாதிபதி, யோகனோடு சேர்த்து மலரக்கா கொண்டுவந்து மேசையில் வைத்த உறையை எடுத்தார். ‘வள்ளம் இறக்க முதல், சோத்தோட’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய அதே உறை. தன் பள்ளியின் சாதனை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. வாசித்தாரா? கெமராவையல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்! ஒரு குளிசையைத் தட்டி எடுத்தார்.

“வாயைத் திறவுங்க தம்பி. அப்பிடித்தான்... இன்னும் கொஞ்சம்...”

படித்த மனுசன் சொன்னால் யோகன் திறப்பார். திறந்தார். நித்திரைக் கலக்கம், வெறுவயிறு. பதாகைக்குப் பின்னால் நின்ற நிரோஷினிக்கு இங்கே நடப்பது தெரியவில்லை. எனக்கோ, சொல்லை நம்பிப் பிழைக்கிறவனுக்கு, அந்த நேரம் ஒரு சொல்லும் வரவில்லை.

மலரக்கா கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்.

“போடாதேயப்பா! வள்ளம் இன்னும் இறக்கேல்ல!”

யோகன் டக்கென்று வாயை மூடினார். குளிசை பீடாதிபதியின் விரலிலேயே நின்றது. அதற்கு ஒரு நொடி முன்னால்தான் கெமரா ‘கிளிக்’ என்றது.

பதாகை கீழே விழுந்தது. நிரோஷினி ஓடி வந்து குளிசையை வாங்கி உறைக்குள் போட்டாள். மலரக்காவைப் பார்த்துச் சிரித்தாள், கண் கலங்க. அவள் அச்சடித்த ஸ்டிக்கர் உறையை விட்டு இறங்கி, ஒரு பெண்ணின் வாயில் ஏறி, ஒரு மனுசனின் வாயை மூடியிருக்கிறது. ஒரு வசனத்துக்கு இதைவிட என்ன பட்டம் வேண்டும்?

பீடாதிபதி கோட்டைத் தட்டிக்கொண்டார். “நான் சும்மா படத்துக்குத்தானே...” என்றார்.

“அவர் சும்மா திறக்கேல்ல சேர்” என்றார் மலரக்கா. “குடுத்தால் விழுங்குவார்.”

திரும்பி வரும் வழியில் வானுக்குள் பற்றீஸ் பெட்டி காலியானது.

பிறகு என்ன? செய்திமடல் வந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் என்னிடம் அனுப்பாமல் பீடாதிபதியே தமிழில் எழுதியிருந்தார். மலரக்காவின் கை ‘ஆர்வம்’ ஆகிவிட்டது. நிரோஷினி ‘மற்றும் பலர்’ ஆகிவிட்டாள். சபை மகிழ்ந்தது. வான் கிடைத்தது! ஒவ்வொரு சனிக்கிழமையும், பீடாதிபதியின் பெயர் போட்ட திட்டத்தின் கீழ். அந்தச் சந்தோசத்தில் நேரத்தையும் சபையே குறித்துக் கொடுத்துவிட்டது. வானின் முன் கண்ணாடியில் அறிவித்தல் தொங்குகிறது: ‘இலங்கைத்துறைச் சேவை — காலை 10 மணி.’

எனக்குத் தலையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. நிரோஷினி அடிக்கவில்லை. பையைத் திறந்து ஒரு ஸ்டிக்கரை உரித்தாள். ‘காலை 10 மணி’ என்பதன் மேல் அழுத்தி ஒட்டினாள்.

வள்ளம் இறக்க முதல்.

“சோத்தோட எண்டும் இருக்கே” என்றேன்.

“ஓம் அண்ணா, மலரக்கா எங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறவ” என்றாள் அவள்.

போன சனி பின்னேரம் நானும் போனேன். கதிரைகள் நிறைந்திருந்தன. குளித்துத் தலை வாரிய மனுசர் ஆளுக்கொரு உறையோடு வந்திருந்தார்கள். யோகன் என்னைக் கண்டு சிரித்தார். “இண்டைக்கு விளக்கு இல்லையோ?” என்று கேட்டார். இரண்டு கண்ணும் விழித்திருந்தன. சோற்றைச் சாப்பிட்டு, குளிசையைப் போட்டு, வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்.

யாரும் படம் எடுக்கவில்லை. ஆகவே, பீடாதிபதி அவர்களே... அது நடக்கவில்லை!